ஏஐ வரையும் கைகளில் ஏன் ஆறு விரல்?

கடந்த ரமளானின் கடைசிப் பத்தில், மாடம்பாக்கத்தில் நாம் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. இடிந்து கிடக்கும் கட்டடங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து பேர் ஸஃப் கட்டித் தொழுகிறார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கைகளைக் கட்டி நிற்கிறார். அவருடைய ஜுப்பாவைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி. கீழே, காஸா மக்களுக்கு உதவுங்கள் என்ற வரியும் பணம் அனுப்ப ஒரு க்யூஆர் கோடும். அரை மணி நேரத்தில் முப்பது பேருக்கு மேல் துஆச் செய்யும் கைகளைப் பதிலாகப் போட்டிருந்தார்கள்.

அன்று அஸருக்குப் பிறகு, இராஜகீழ்ப்பாக்கம் போகும் சாலையில் தையல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் நம் இளைஞர் ஒருவர் அந்தப் படத்தைக் காட்டினார். பெருநாள் வேலை தலைக்கு மேல் இருந்த நேரம். பாய் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தம்பி, இந்த ஜுப்பாவுக்கு மூணு கை இருக்கே. மூணாவது கை எந்தத் தோள்ல இருந்து வருது?"

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். நெஞ்சில் கட்டிய இரு கைகள் தவிர, சிறுமியின் தலையில் இன்னொரு கை இருந்தது. அது பெரியவருடைய கை போலவே இருந்தது. ஆனால் தோளோடு எங்கும் சேரவில்லை. சிறுமியின் விரல்களை எண்ணினால் ஆறு வந்தது. பின்வரிசையில் ஒருவருக்கு முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி மட்டும் மடிந்து கிடந்தது. செயற்கை நுண்ணறிவு வரைந்த படம் என்று சொல்ல அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

இதை நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த ஏமாற்று என்று எண்ண வேண்டாம். 2023 பிப்ரவரி 6ஆம் தேதி துருக்கியையும் சிரியாவையும் உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின், இடிபாடுகளுக்கு நடுவே ஒரு குழந்தையைத் தூக்கி நிற்கும் தீயணைப்பு வீரரின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஹெல்மெட்டில் கிரேக்கக் கொடி. பார்த்தவர்கள் கண்கலங்கினார்கள். அந்த வீரரின் வலது கையில் ஆறு விரல்கள் இருந்தன. கிரேக்கத் தீயணைப்புத் துறையின் உயர் அதிகாரி ஒருவர், தம் வீரர்களைக் கௌரவிக்கும் எண்ணத்தில் மிட்ஜர்னி என்ற ஏஐ கருவியைக் கொண்டு அதை உருவாக்கியிருந்தார். அவருடைய நோக்கம் எதுவாக இருந்தாலும், அதே படத்தைப் போட்டு கிரிப்டோ நாணயத்தில் நன்கொடை கேட்டவர்களின் நோக்கம் வேறு. பிபிசி அதை அப்போதே அம்பலப்படுத்தியது. ஸதகா கொடுக்கத் துடிக்கும் மனதைக் குறிவைத்தே இத்தகைய படங்கள் வருகின்றன. அதனால்தான் இந்த விரல் விவகாரத்தைக் கேலிப் பேச்சாக மட்டும் விட்டுவிட முடியவில்லை.

கவிதை எழுதுகிறது, கணக்குப் போடுகிறது, வக்கீல் நோட்டீஸ்கூட எழுதித் தருகிறது என்கிறார்கள். அப்படிப்பட்ட இயந்திரம் ஐந்து விரலை எண்ணத் தெரியாமல் ஏன் தடுமாற வேண்டும்?

அது எண்ணவே இல்லை என்பதே பதில்.

ஒரு ஓவியர் கையை வரையும்போது அவர் மனதில் தோலுக்கு அடியில் எலும்பு இருக்கிறது. ஒரு கையில் 27 எலும்புகள். எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும், எந்தப் பக்கம் மடங்காது என்பது அவருக்குத் தெரியும். தம் கையையே ஒருமுறை மடக்கிப் பார்த்துக்கொள்ளவும் முடியும். 14ஆம் நூற்றாண்டில் ஷீராஸைச் சேர்ந்த மருத்துவர் மன்சூர் இப்னு இல்யாஸ் மனித உடலின் எலும்புகள், நரம்புகள், இரத்தக் குழாய்களைத் தனித்தனி முழு உருவப் படங்களாகத் தம் நூலில் சேர்த்தார். அந்தப் படங்கள் இன்றைய கண்ணுக்கு எளிமையானவை, தவளை போலக் காலை அகட்டி நிற்பவை. ஆனாலும் உடல் என்பது உள்ளிருந்து கட்டப்பட்டது என்ற அறிவு அவற்றில் இருக்கிறது.

ஏஐ கருவிக்கு அந்த 'உள்' கிடையாது. அதற்குக் கொடுக்கப்பட்டவை இணையத்திலிருந்து அள்ளிய படங்களும், ஒவ்வொரு படத்தோடும் ஒட்டியிருந்த சில சொற்களும்தான். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற கருவி 2022 ஆகஸ்டில் பொதுவெளிக்கு வந்தது. அதற்கான பயிற்சிப் படங்கள் எடுக்கப்பட்ட லயான் 5பி என்ற தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களுக்கான குறிப்புகள் இருந்தன. இவ்வளவு பார்த்தும் ஐந்து விரல் என்று கற்கவில்லையா என்று கேட்கலாம். அந்தப் படங்களோடு வந்த சொற்களை யோசித்துப் பாருங்கள். 'டீ குடிக்கும் மனிதர்', 'கல்யாண மேடையில் மணமக்கள்', 'ஜும்ஆத் தொழுகை' என்று இருக்கும். 'இவர் கையில் ஐந்து விரல், அதில் மூன்று தெரிகிறது, இரண்டு கோப்பைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது' என்று யார் எழுதுவார்? நமக்கு அது சொல்லத் தேவையில்லாத செய்தி. இயந்திரத்துக்கு யாரும் சொல்லாத செய்தி.

ஆகவே அது கண்டதெல்லாம் சில படத்தில் மூன்று விரல், சில படத்தில் நான்கு, இருவர் கைகுலுக்கினால் எட்டோ ஒன்பதோ, கைகோத்த படத்தில் எது யாருடையது என்றே தெரியாத ஒரு பின்னல். இதிலிருந்து அது எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: ஒரு விரலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு விரல் இருக்கும். இந்தப் பாடத்தில் பிழையில்லை. எங்கே நிறுத்துவது என்பதுதான் அதில் இல்லை.

முகம் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது? முகம் பெரும்பாலும் கேமராவை நேராகப் பார்க்கிறது. இரண்டு கண், நடுவில் மூக்கு, கீழே வாய், இடம் மாறுவதில்லை. படத்தில் பெரிதாகவும் இருக்கிறது. கை அப்படியல்ல. அது சிறியது, மடங்குவது, பொருளுக்குப் பின்னால் ஒளிவது, ஒவ்வொரு நொடியும் உருவம் மாறுவது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கருவிகளில் பல, படத்தை முழு அளவில் வைத்து வேலை செய்வதில்லை; கணினிக்கு அவ்வளவு சுமை தாங்காது. முதலில் வந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனில் 512 புள்ளி நீளமும் 512 புள்ளி அகலமும் கொண்ட படம், 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கப்பட்டது. அந்தச் சுருக்கத்தில்தான் வரைவதெல்லாம் நடக்கும். கடைசியில் விரித்துக் காட்டும். கூட்டத்தில் நிற்கும் ஒருவருடைய கை அந்தப் படத்தில் 40 புள்ளி அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருக்கினால் ஐந்து கட்டம். அந்த ஐந்து கட்டத்துக்குள் ஐந்து விரலும் அவற்றுக்கு இடையே நான்கு இடைவெளியும் அடங்க வேண்டும். தொழுகை வரிசை, ஊர்வலம், இஃப்தார் விருந்து, நிவாரண முகாம் போன்ற கூட்டப் படங்களில் முன்வரிசை முகம் அழகாக இருக்க, பின்வரிசைக் கைகள் உருகிய மெழுகாக ஆவது இதனால்தான்.

வரையும் முறையும் நாம் நினைப்பது போலல்ல. கருவி தலையில் தொடங்கிக் காலில் முடிப்பதில்லை. பழைய டிவியில் ஆன்டெனா விலகினால் திரை முழுக்க இரைச்சல் புள்ளிகள் தெரியுமே, அப்படி ஒரு புள்ளிக் குவியலில் தொடங்குகிறது. கேட்ட சொற்களுக்குப் பொருந்தும்படி அந்த இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறையும் அது கேட்டுக்கொள்வது, இந்த இடத்தில் என்ன இருந்தால் பார்க்கப் பொருத்தமாக இருக்கும் என்பதைத்தான். சிறுமியின் தலை இருக்கிறது, பக்கத்தில் பெரியவர் இருக்கிறார், அப்படியானால் தலையில் ஒரு கை இருப்பது பொருத்தம். அந்தப் பெரியவர் ஏற்கெனவே இரண்டு கைகளையும் நெஞ்சில் கட்டியிருக்கிறார் என்பதை யாரும் அதற்கு நினைவூட்டுவதில்லை. தையல்கார பாய் பிடித்தது இதைத்தான். கையை அவர் தோளிலிருந்து வெட்டித் தைப்பவர். கருவிக்குத் தோளும் ஒரு வண்ணத் திட்டு, கையும் ஒரு வண்ணத் திட்டு.

இதே பிழையைக் கருவி மரத்திலும் செய்கிறது, மேகத்திலும் செய்கிறது. வேப்பமரத்தில் ஒரு கிளை கூடினால் யார் எண்ணப் போகிறார்கள்? நம் உடலை நாம் அறிந்திருப்பதால் உடலில் மட்டும் பிடிபடுகிறது.

படித்தவர்கள் ஏமாறுவதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2024 பிப்ரவரியில் ஃப்ரான்டியர்ஸ் குழுமத்தின் உயிரியல் ஆய்விதழ் ஒன்றில், மிட்ஜர்னி வரைந்த ஓர் எலியின் உடற்கூற்றுப் படம் வெளியானது. உறுப்புகளின் அளவும் எண்ணிக்கையும் இங்கே விவரிக்கத் தகாத அளவுக்கு அபத்தம். பாகங்களுக்கு எழுதியிருந்த பெயர்கள் எந்த மொழியிலும் இல்லாதவை. பரிசீலனை முடிந்து அச்சேறிய கட்டுரை அது. உலகமே சிரித்த பிறகு, சில நாட்களில் திரும்பப் பெற்றார்கள்.

நம் நாட்டில் இந்தக் கைப்பிழை மிகவும் உறுத்திய இடம் உத்தராகண்ட். 2023 நவம்பர் 12ஆம் தேதி சில்க்யாரா சுரங்கப்பாதை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். அமெரிக்காவில் தயாரான பெரிய துளையிடும் இயந்திரம் இரும்புக் கம்பிகளில் மாட்டி உடைந்தது. மிச்சமிருந்தது ஏறத்தாழ 12 மீட்டர். அதைத் தோண்ட, எலிவளைச் சுரங்கத் தொழில் தெரிந்த 12 பேரை வரவழைத்தார்கள். முன்னா குரைஷி, வகீல் ஹசன், ஃபெரோஸ் குரைஷி, மோனு குமார், தேவேந்தர் என்று முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்த ஏழைக் கூலிகளின் குழு. ஒரு மீட்டர் அகலம்கூட இல்லாத குழாய்க்குள் ஊர்ந்து போய், கைக்கருவிகளால் வெட்டி, மண்ணைக் கையால் அள்ளி வெளியே தள்ளினார்கள். நவம்பர் 28ஆம் தேதி இரவு 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

இந்தியாவே கொண்டாடிய அந்த இரவில் வேகமாகப் பரவிய படங்களில் ஒன்று, சுரங்கத்துக்குள் மீட்புக் குழுவினர் ஹெல்மெட்டோடு மூவர்ணக் கொடியைப் பிடித்து நிற்கும் படம். வெளிச்சம் பிரமாதம், முகங்களில் பெருமிதம். பெரிய மனிதர்கள் பகிர்ந்தார்கள், செய்தித்தளங்கள் சிலவும் வெளியிட்டன. உண்மை கண்டறியும் குழுக்கள் கைகளை உற்றுப் பார்த்தன, விரல்கள் பொருந்தவில்லை. அந்தப் படத்தை முதலில் போட்ட கணக்கும் அது ஏஐ படம்தான் என்று ஒப்புக்கொண்டது.

அந்தப் படத்தால் யாருக்கும் பண நஷ்டம் இல்லை என்பது சரிதான். ஆனால் அந்த மீட்பே கைகளால் நடந்தது. இயந்திரம் உடைந்த இடத்தில் மனிதக் கை போய் வேலையை முடித்தது. அந்தக் கைகளின் உண்மையான படங்கள், சேறும் சிராய்ப்புமாக, அன்றே கிடைத்தன. அவற்றைத் தள்ளிவிட்டு, விரல் பொருந்தாத, பெயரில்லாத, யாருமே அல்லாத ஆட்களின் படத்தை நாடு பகிர்ந்தது. பெயர் இல்லாத வீரர்களைக் கொண்டாடுவது எளிது. மூன்று மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 28ஆம் தேதி, டெல்லி கஜூரி காஸில் வகீல் ஹசனின் வீட்டை டெல்லி வளர்ச்சி ஆணையம் இடித்தது. ஆக்கிரமிப்பு நிலம் என்பது ஆணையத்தின் விளக்கம். கொடி பிடித்த அந்த ஏஐ வீரர்களுக்கு இடிக்க வீடே கிடையாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சங்கடமான செய்தி. விரல் எண்ணும் வித்தைக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது.

2023 மார்ச்சில் வந்த மிட்ஜர்னியின் ஐந்தாம் பதிப்பிலேயே கைகள் கணிசமாகத் தேறிவிட்டன. கைகள் தெளிவாகத் தெரியும் படங்களைத் தேர்ந்து பயிற்றுவித்தார்கள். கோணல் கைகளை மனிதர்களைக் கொண்டு கழித்துக்கட்டினார்கள். எலும்புக்கூட்டுக் கோட்டுருவம் ஒன்றைக் கொடுத்து அதன் மேல் உடலை வரைய வைக்கும் முறையும் வந்தது. 2025 மார்ச்சில் சாட்ஜிபிடியின் புதிய படக் கருவி வந்தபோது ஊரே தன் படத்தை ஜப்பானியக் கார்ட்டூனாக மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு கூகுளின் நானோ பனானா வந்து, நம் வீட்டுப் பெண்களின் சாதாரணப் படங்கள்கூடப் பட்டுப்புடவைச் சினிமாப் படங்களாக மாறின. அவற்றில் பெரும்பாலானவற்றில் விரல் சரியாக ஐந்து. பிழை இன்னும் ஒதுங்கியிருப்பது பின்வரிசைக் கூட்டத்திலும், பின்னிக்கொண்ட கைகளிலும், எழுத்திலும்தான். எழுத்தும் கையைப் போன்றதே. ஒரு கோடு கூடினால் வேறு எழுத்து. தமிழ்ப் பெயர்ப்பலகை தூரத்திலிருந்து தமிழ் போலவே இருக்கும், கிட்டே போனால் ஓர் எழுத்தும் தேறாது. பெருநாள் வாழ்த்துப் படங்களில் வரும் அரபு வரிகளையும் ஒருமுறை வாசிக்க முயன்று பாருங்கள். புள்ளி இடம் மாறி, எழுத்து விட்டுப்போய், பொருளே இல்லாத ஒன்றை வேதவசனம் என்று எண்ணி நாம் அனுப்பிக்கொண்டிருப்போம். ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அதை அனுப்பக் கூடாது என்பது நம் கருத்து.

இன்னொரு பக்கம், பிழை இருந்தும் பயனில்லாத படங்கள் இருக்கின்றன. வாஷிங்டனில் இயங்கும் 'சென்டர் ஃபார் த ஸ்டடி ஆஃப் ஆர்கனைஸ்ட் ஹேட்' என்ற ஆய்வு மையம், இந்திய முஸ்லிம்களைக் குறிவைத்த ஏஐ படங்களைப் பற்றி 2025இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2023 மே முதல் 2025 மே வரை, 297 கணக்குகளிலிருந்து 1,326 பதிவுகளை அது ஆராய்ந்தது. நம் பெண்களை ஆபாசமாகச் சித்தரித்தவை அவற்றில் ஒரு பெரும் வகை. அப்படிப்பட்ட படத்தில் ஒரு விரல் கூடியிருக்கிறது என்று சுட்டிக்காட்டி என்ன ஆகப் போகிறது? அதைப் பகிர்கிறவருக்கு அது போலி என்று தெரியும். அவருக்கு வேண்டியது ஆதாரமல்ல, அவமானம். விரல் கணக்கு அங்கே செல்லாது.

இதைவிட நம்மைக் கவலைப்படுத்துவது அதன் மறுபக்கம். போலியைப் பிடிக்கக் கற்றவர்கள் உண்மையையும் போலி என்று தள்ளத் தொடங்குகிறார்கள். சில்க்யாரா மீட்பு நடந்த அதே வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் தாம்பரம் சுற்றுவட்டாரம் எப்படித் தத்தளித்தது என்று மாடம்பாக்கம், சேலையூர், முடிச்சூர்வாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்போது பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடக்கும் முதலையின் வீடியோ வந்தது. சினிமா கிராஃபிக்ஸ், ஏஐ என்று நம்மில் சிலரே சிரித்தோம். அது உண்மை. சென்னையைச் சுற்றிய சில நீர்நிலைகளில் முதலைகள் இருக்கின்றன, அவை மனிதரைத் தவிர்ப்பவை, பயப்பட வேண்டாம் என்று வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாஹூ விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது.

முதலையோடு போனால் பரவாயில்லை. 2025 ஆகஸ்டில், காஸாவில் பட்டினியால் எலும்பும் தோலுமான ஒன்பது வயதுச் சிறுமியை அவள் தாய் தாங்கியிருக்கும் படத்தை ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் எடுத்தார். அந்தப் படம் எங்கே எடுத்தது என்று எக்ஸ் தளத்தின் க்ரோக் என்ற ஏஐயிடம் மக்கள் கேட்டார்கள். 2018இல் யெமனில் எடுத்தது என்று அது உறுதியாகச் சொன்னது. அதை நம்பி, படத்தைப் பகிர்ந்தவர்களைப் பொய்யர் என்று ஏசினார்கள். இயல்புக்கு மாறாகத் தெரியும் உடல் என்றால் போலி என்று முடிவு கட்டுபவன், பட்டினி கிடந்த உடலைப் பார்த்தும் அதையே சொல்வான். ஆறு விரலோடு பிறக்கும் மனிதர்களும் உலகில் உண்டு. நடிகர் ஹிருத்திக் ரோஷனின் வலது கையில் கட்டைவிரல் இரண்டு.

அரசு என்ன செய்கிறது? ஏஐ படங்களில் முத்திரை கட்டாயம் என்ற வரைவு விதியை ஒன்றிய அரசு 2025 அக்டோபரில் வெளியிட்டது. படப் பரப்பில் பத்தில் ஒரு பங்கை அந்த முத்திரை மறைக்க வேண்டும் என்றது வரைவு. முத்திரை இருப்பது நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி, ஓரம் வெட்டப்பட்டு வரும் படத்தில் எந்த முத்திரை மிஞ்சும்?

எனவே படத்துக்குள் தேடுவதை விட்டுப் படத்துக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது. எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த நாள், முதலில் வெளியிட்டது எது, இதே இடத்தை வேறு யாராவது வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்களா? நமக்கு இது புதிய பாடமில்லை. ஒரு செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் யாரென்று தெரியாவிட்டால் அதை நிறுத்திவைத்த மரபு நம்முடையது. காஸா சிறுமியின் படத்துக்கு அந்த வரிசை இருந்தது: புகைப்படக்காரர், நிறுவனம், ஊர், தேதி. நம் குழுவுக்கு வந்த தொழுகைப் படத்துக்கு, 'ஃபார்வர்டட் மெனி டைம்ஸ்' என்ற வரி மட்டுமே இருந்தது.

அன்று மஃக்ரிபுக்கு முன் குழு நிர்வாகி அந்தப் படத்தை நீக்கினார். அனுப்பியவரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. வேறொரு குழுவில் வந்ததை அப்படியே போட்டிருந்தார், அந்தக் குழுவில் போட்டவருக்கு வேறெங்கிருந்தோ வந்திருந்தது. அதற்குள் நம்மவர்கள் இரண்டு பேர் ஆளுக்கு 500 ரூபாய் அனுப்பிவிட்டார்கள். யாருக்குப் போயிருக்கிறது என்று ஒருவர் தம் செல்பேசியில் எடுத்துக் காட்டினார். நிதி திரட்டும் அமைப்பின் பெயர் எதுவும் இல்லை. தனிநபர் ஒருவரின் பெயர், கேட்டறியாத ஒரு வங்கி. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லியிருக்கிறார்கள். பணம் இன்னும் வரவில்லை.